ஜன்னலைத் திறந்தால் ஒரு ரேட்டு

எங்கள் படுக்கையறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. போன மாதம்வரை இதைச் சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அதை மறைத்துக்கொண்டு இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரு கப்போர்டு நின்றது.

கட்டியவர் என் வீட்டுக்காரர் பிரபின். குவைத்திலிருந்து மூன்று வருடத்துக்கு முன் லீவில் வந்தபோது, பின்வீட்டு மாடியில் நாலைந்து பையன்கள் வாடகைக்கு இருப்பதைப் பார்த்தார். ரப்பர் கம்பெனியில் வேலை பார்க்கிற பையன்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஆம்பிளை இல்லாத வீடு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஆசாரியைக் கூட்டிவந்தார். ஜன்னல்மேல் கப்போர்டு ஏறியது. பாத்ரூமில் காற்றுப் போகிற ஓட்டையைச் செங்கல் வைத்துப் பூசினார்கள். மேலே ஜிப்சம் சீலிங், ஒரு ஏசி. பார்த்தவர்கள் எல்லாம் கொள்ளாம், நல்லாருக்கு என்றார்கள். "காத்து எங்க வழியா வரும்?" என்று நான் கேட்டேன். "அதுக்குத்தானே ஏசி" என்றார்.

எங்கள் திருவட்டாறு மழையைப் பற்றி குவைத்தில் இருக்கிறவருக்கு என்ன தெரியும்? முதல் மழைக்கு கப்போர்டுக்குள் ஒரு வாடை வந்தது. இரண்டாம் வருடம் என் கல்யாணப் பட்டில் கறுப்புப் புள்ளி. அப்புறம் சுவர், சீலிங், மகள் லிஜாவின் ஸ்கூல் பை என்று எங்கே பார்த்தாலும் பூசணம். பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைப்பேன். அடுத்த வாரமே பழையபடி வந்து நிற்கும்.

சேலை போனால் போகட்டும் என்று விடலாம். என் மகளுக்கு மூச்சு இழுக்கிற இளைப்பு வந்துவிட்டது. ஆறு வயதுப் பிள்ளை, உட்கார்ந்தபடியே தூங்கியது. ஹாலில் படுக்கவைத்தேன், வாடை அங்கேயும் வந்தது. தக்கலையில் டாக்டர் முதலில் கேட்ட கேள்வியே, "வீட்டுச் சுவரில் பூசணம் இருக்கா?" என்பதுதான். மருந்து கொடுத்துக்கொண்டே இருக்கலாம், அந்த அறையைச் சரிசெய்யாமல் ஒன்றும் நிற்காது என்றார்.

இதை அவரிடம் சொன்னால் என்ன பதில் வந்தது தெரியுமா?

"நீ ஈரத்துணிய உள்ள காயப்போட்டிருப்ப."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அடைத்தவர் அவர், குற்றம் என் கொடியில் காய்கிற பாவாடைக்கு. கடைசியில் ஆள் வைத்துச் செய்வது என்று ஒத்துக்கொண்டார். அவருடைய கூட்டாளி ஒருவனின் தம்பி டெனிஷ் இந்த வேலையெல்லாம் எடுத்துச் செய்கிறவன். அண்ணி முறை வைத்து என்னை மைனி என்றுதான் கூப்பிடுவான். அவன் வந்து பார்க்கும்போது நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவர் வீடியோவில் பேசிக்கொள்வார். அப்படித்தான் நின்றேன்.

டெனிஷ் சுவரைத் தட்டினான். ஆணியால் கீறினான். ஏணி போட்டு சீலிங்குக்குள் டார்ச் அடித்தான். கப்போர்டுக்குள் தலையை விட்டுவிட்டுத் தும்மிக்கொண்டே வெளியே வந்தான்.

"எல்லா பூசணத்துக்கும் ஒரே ரேட்டு இல்ல அண்ணே. பெயிண்டுக்கு மேல மட்டும்னா சொரண்டி மருந்தடிச்சா தீந்துது. இங்க பூச்சு வரைக்கும் எறங்கிப்போச்சு, கொத்தணும். சீலிங்குல பாதி கழத்தணும். கப்போர்டுக்க பொறத்த பிளைவுட்டு ஊறிக் கெடக்கு. பிள்ளைக்கு இளைப்பு உள்ளதுனால தூசி பறக்காம பிளாஸ்டிக் கெட்டணும், வேலை முடியற வரை பிள்ளைய வேற எங்கயாம் நிறுத்தணும்."

"லே, கதை சொல்லாண்டாம். மொத்தம் எவ்வளவு?"

டெனிஷ் ஒருமுறை என்னைப் பார்த்தான்.

"ரெண்டு ரேட்டு உண்டும் அண்ணே. கப்போர்ட மாத்தி வச்சு, ஜன்னலத் தொறந்து, பாத்ரூம் ஓட்டையையும் தொறந்தா முப்பதாயிரத்துக்குள்ள முடிச்சிரலாம். காத்து வந்தா பாதி வேலைய அது பாத்துக்கிடும். ஜன்னல் தொறக்காம செய்யணும்னா ஒண்ணேகால் லட்சம் ஆவும். ஈரம் இழுக்க மெஷின், காத்த வெளிய தள்ள கொழாய், சொவருக்கு கோட்டிங்கு. அப்பமும் திரும்ப வராதுன்னு நான் சொல்ல மாட்டேன்."

நான் போனைப் பார்த்தேன். மனிதர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"ரெண்டாவதச் செய்யி. பைசா பிரச்சினை இல்ல. ஜன்னல் மட்டும் தொறக்கப்பிடாது."

என் காதை நானே நம்பவில்லை. பிள்ளைக்கு ஆவி பிடிக்கிற மெஷின் வாங்கவேண்டும் என்று முந்தின மாதம் கேட்டபோது, "இந்த மாசம் டைட்டு, ஆஸ்பத்திரியில போய் வச்சுக்கோ" என்றவர் இவர்தான். இப்போது பைசா பிரச்சினை இல்லையாம். பூசணத்துக்கு முப்பதாயிரம் என்றால் மிச்சம் எதற்கு? நான் ஜன்னல் பக்கத்தில் நின்றுவிடக் கூடாது என்பதற்கு. கல்யாணமாகி ஒன்பது வருடம் இவருடைய வீட்டைக் காத்த எனக்கு இவர் கொடுத்த மரியாதை அவ்வளவுதான். அதையும் ஊரான் ஒருத்தன் முன்னால் வைத்துச் சொல்கிறார். டெனிஷ் தலையைக் குனிந்துகொண்டு ஏணியை மடக்கினான்.

"ஒங்களுக்குப் பிள்ளை மூச்சு விடணுமா, நான் ஜன்னல் வழியா எட்டிப் பாக்காம இருக்கணுமா?" என்று கேட்டேன்.

"ஏட்டி, டெனிஷ் நிக்கான்" என்றார்.

"நிக்கட்டும். ரேட்டு சொன்னவன்தானே, காரணத்தையும் கேட்டுட்டுப் போவட்டும்."

அவர் போனை வைத்துவிட்டார். டெனிஷ் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அண்ணன் சொல்லாம என்னால தொட முடியாது மைனி" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

மறுநாள் காலையில் லிஜா ஹாலில் உட்கார்ந்திருந்தாள். மூச்சு இழுக்கும்போது கழுத்துக்குழி உள்ளே போய்ப்போய் வந்தது. "அம்மா, நெஞ்சு கீ கீன்னு கத்துகு" என்றாள். மருந்தைக் கொடுத்து வாசலில் காற்றுப் படுகிற இடத்தில் உட்காரவைத்தேன். இளைப்பு கொஞ்சம் அடங்கியதும் உள்ளே போய் கப்போர்டிலிருந்த துணியை எல்லாம் வாரி வெளியே எறிந்தேன். கப்போர்டின் முதுகை ஓங்கி மிதித்தேன். ஊறின பிளைவுட், ரஸ்கு மாதிரிப் பிய்ந்து வந்தது. அதற்குப் பின்னால் என் ஜன்னல், பச்சையும் கறுப்புமாக. கொண்டி துருப்பிடித்துக் கிடந்தது. தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தேன், அசையவில்லை. அம்மிக்குழவியை எடுத்துவந்து நாலு போடு போட்டேன். திறந்தது.

பின்வீட்டு மாடியில் ஒரு பையன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். கையில் குழவியோடு தலைவிரிகோலமாக நின்ற என்னைப் பார்த்ததும் வாயில் நுரையோடு உள்ளே ஓடிவிட்டான். இவனுக்குப் பயந்துதான் என் பிள்ளை மூச்சு முட்டிக் கிடந்தது. சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. இரண்டும் வந்தது.

திறந்த ஜன்னலைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். டெனிஷுக்கும் அனுப்பி, "முதல் ரேட்டுக்கு வேலையைத் தொடங்கு, பைசா நான் தருவேன்" என்றேன். பிளவுஸ் தைத்துச் சேர்த்த காசு என் பெயரில் கிடக்கிறது. ஜன்னலை நானே திறந்துவிட்டதால் அவனும் மறுபேச்சில்லாமல் வேலையைத் தொடங்கினான். வேலை நடந்தபோது லிஜாவை என் அக்கா வீட்டில் விட்டிருந்தேன். அத்தனை நாளும் அவர் என்னைக் கூப்பிடவே இல்லை.

பிள்ளை திரும்பி வந்த அன்று போன் வந்தது. "பிள்ளைட்டக் குடு" என்றார். கொடுத்தேன். லிஜா கட்டிலில் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, நீங்க எப்பம் வருவிய?"

"கிறிஸ்மஸுக்கு மக்கா. ஒனக்கு என்ன வேணும், சொல்லு."

"நீங்க வந்தா ஜன்னல அடைச்சிருவியளா?"

பிள்ளை விடவில்லை.

"அடைச்சா எனக்கு நெஞ்சு கத்தும்ப்பா. நீங்க திரும்பிப் போனப்பொறவு தொறந்துக்கிடலாமா?"

அந்தப் பக்கம் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. "அம்மைட்டக் குடு மக்கா" என்றார். குரல் இறங்கியிருந்தது.

போனை வாங்கினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசினார்.

"கொசு வரும்லா. டெனிஷ்ட்டச் சொல்லி ஜன்னலுக்கு வலை அடிக்கச் சொல்லு. எவ்வளவு ஆவும்னு கேளு, அனுப்புகேன்."

"அடிச்சாச்சு. எனக்க தையல் காசுல."

நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று போனை ஜன்னலைப் பார்க்கத் திருப்பிச் சாய்த்து வைத்துவிட்டு, சோறு வடிக்கப் போனேன்.