பன்னிரண்டும் இருபத்தொன்றும்

ராஜபாண்டியனின் வயிற்றில் நாலு ஓட்டை போட்டுப் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். விருதுநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்துவிட்டுத் திருத்தங்கலுக்குத் திரும்பியவருக்கு, இருமினாலும் வலித்தது, தும்மினாலும் வலித்தது. சிரித்தால் மட்டும் உயிரே போனது. டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்பியிருந்தார்: சிரிக்க வைக்கிற ஆட்களைப் பத்து நாளைக்குப் பக்கத்தில் சேர்க்கக் கூடாது.

அப்படிப்பட்ட ஆள் ஒருவர் தினமும் இரண்டு வேளை வந்துகொண்டிருந்தார். நவநீதகிருஷ்ணன். சிவகாசியில் காலண்டர் அடிக்கும் கம்பெனி ஒன்றில் ராஜபாண்டியன் புரூப் பார்ப்பவர், நவநீதன் மெஷின்காரர். முப்பது வருஷப் பழக்கம். வயிற்றிலிருந்து எடுத்த கற்களை ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அதை நவநீதன் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் குலுக்கிக் காட்டினார்.

"பதினேழு கல்லு. இம்புட்டையும் வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு, அடுத்தவன் எழுத்துல கல்லு பொறுக்கிக்கிட்டு இருந்திருக்கான்."

ராஜபாண்டியன் வயிற்றைத் தலையணையால் அமுக்கிக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் வாசலைப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததிலிருந்தே அப்படித்தான். ஊரே வந்து பார்த்துவிட்டது, ஜெய்லானி மட்டும் வரவில்லை. எந்த முகத்தோடு அவனை எதிர்பார்க்கிறேன் என்று தன்னையே திட்டிக்கொள்வார். பிறகு மறுபடியும் பார்ப்பார்.

ஒரு காலத்தில் மூன்று பேரும் ஒன்றாகத்தான் திரிந்தார்கள். ஜெய்லானி அதே கம்பெனியில் கட்டிங் மெஷினில் நின்றார். தினசரிக் காலண்டரில் ராசிபலனை ஒற்றை வார்த்தையில் போடுவார்களே, லாபம், நட்பு, செலவு என்று, அதை ராஜபாண்டியன் சத்தமாக வாசித்துச் சரிபார்ப்பார். "எல்லாருக்கும் பலன் இருக்கு, நான் மட்டும் என்னலே பாவம் பண்ணேன்" என்று ஜெய்லானி ஒருநாள் குறைப்பட, கம்பெனியில் யாருக்கும் இல்லாமல் கிடந்த கும்ப ராசியை அவருக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கும்பத்துக்கு 'பகை' என்று வந்துவிட்டால், அன்றைக்குப் புரூப் டேபிளில் பெரிய பஞ்சாயத்து நடக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் மூவரும் விருதுநகருக்கு பஸ் ஏறுவார்கள். எண்ணெயில் முக்கிப் பொரித்த புரோட்டா, ஆளுக்கு நாலு. அந்தப் புரோட்டாதான் பதினேழு கல்லாக வந்து நின்றிருக்கிறது என்பது நவநீதனின் தீர்ப்பு. இருக்கட்டுமே என்று ராஜபாண்டியன் நினைத்தார். அந்தச் சனிக்கிழமைகளை யாராவது திருப்பிக் கொடுத்தால், இன்னொரு பதினேழு கல்லுக்கும் அவர் தயார்.

எல்லாம் ஒரு கார்டில் கெட்டுப்போயிற்று. 2020இல் ஜெய்லானியின் மகள் தஹ்மீனாவுக்கு நிக்காஹ், மார்ச் பன்னிரண்டாம் தேதி. கம்பெனியிலேயே கார்டு அடித்தார்கள். ராஜபாண்டியன் புரூப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஜெய்லானி அதைத் தன் கையாலேயே வெட்டினார், ஆனால் படிக்கவில்லை. பாண்டி பார்த்த பிறகு படிக்க என்ன இருக்கிறது? பன்னிரண்டு, இருபத்தொன்றாக விழுந்திருந்தது. கிழமையும் அதற்குத் தக்கபடி சனி என்று சுத்தமாக நின்றதால், வெளியூர்க் கார்டுகள் தபாலில் போன பிறகுதான் விஷயம் தெரிந்தது.

உள்ளூர்க் கார்டுகளைப் பேனாவால் திருத்தினார்கள். தபாலில் போனவர்களுக்கு ஆளுக்கொரு பக்கமாகப் போன் போட்டார்கள். மேலப்பாளையத்து அக்கா சம்சாத்திடம் மட்டும் போன் கிடையாது. தாயில்லாத தம்பி ஜெய்லானியைத் தூக்கி வளர்த்தவள் அவள். யாராவது தகவல் சொல்லியிருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். கல்யாணத்துக்கு அவள் வராமல் போனதும், நேரில் வந்து அழைக்கவில்லை என்ற கோபம் என்று ஜெய்லானி எடுத்துக்கொண்டார். ஒன்பது நாள் கழித்து, பட்டுச் சேலையும் சீர்ப் பாத்திரமுமாக, பூட்டிக்கிடந்த மண்டபத்தின் முன்னால் அவள் தனியாக நின்றாள்.

அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து ராஜபாண்டியன் ஜெய்லானியின் கண்ணில் படவே இல்லை. அவர் கட்டிங் மெஷினை விட்டுவிட்டு ஸ்டேஷனரிக் கடை போட்டது இவருக்கு வசதியாகப் போயிற்று. மறு வருஷம் கொரோனாவில் அக்கா இறந்துபோனாள். துக்கம் கேட்கக் கிளம்பிய ராஜபாண்டியன், ஜெய்லானியின் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பிவிட்டார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஐந்தாம் நாள் சாயங்காலம், கையில் ஒரு தூக்குச்சட்டியோடு ஜெய்லானி வாசலில் நின்றார்.

"வாங்கண்ணே, எம்புட்டு நாளாச்சு. வீட்ல எல்லாரும் நல்லா இருக்கீகளா?" என்றார் ராஜபாண்டியனின் மனைவி யோகேஸ்வரி.

"இருக்கோம்மா. கஞ்சி கொண்டாந்தேன். எண்ணெய் ஒரு சொட்டு இல்ல."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ராஜபாண்டியன் தலையணை உறையை நீவிக்கொண்டிருந்தார். நவநீதன்கூட டப்பாவைக் குலுக்கவில்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்த ஜெய்லானி, கட்டிலில் கிடந்த டிஸ்சார்ஜ் தாளை எடுத்து வாசித்தார்.

"ஏலே பாண்டி, ஒனக்கு என்ன வயசு?"

"அம்பத்தேளு. ஒனக்குத் தெரியாதா?"

"இதுல எழுபத்தஞ்சுன்னு போட்டிருக்கு. கீள நீ கையெழுத்துப் போட்டிருக்க."

நவநீதன் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். "புரூப் பாத்து ஓகே பண்ணிட்டான், இனி மாத்த முடியாது. யோகேஸ்வரி, இன்னையிலருந்து இவரு நமக்கெல்லாம் பெரியப்பா."

மூவரும் சிரித்தார்கள். ராஜபாண்டியன் தலையணையை இறுக்கிக்கொண்டு, வேண்டாம்லே, வேண்டாம்லே என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஐந்து வருஷத்தில் இப்படிச் சிரித்ததில்லை. சிரிப்பு அடங்கியதும், இத்தனை நாளும் சொல்லாமல் வைத்திருந்தது தானாகவே வெளியே வந்தது.

"அன்னைக்கும் இப்பிடித்தான் பாக்காமக் கையெழுத்துப் போட்டுப்புட்டேன். அக்கா அங்கன தனியா நின்னாகளாமே. என்னால தாங்க முடியலப்பா."

ஜெய்லானி தாளை மடித்து வைத்தார்.

"ஒரு மாசம் ஒம்மேல கொலவெறில இருந்தேன். இல்லேங்கல. ஆனா கேளு. அக்கா வந்தது சனிக்கெளம. மறுநா ஊரடங்கு. ரெண்டு நாள்ல போயிருவேன்னுச்சு, அதுக்குள்ள மொத்தமா அடச்சுட்டாக. ரெண்டரை மாசம்லே. எனக்குக் கல்யாணமாகி முப்பது வருசத்துல, அக்கா எங்கூடச் சேந்தாப்புல மூணு நா தங்குனதில்ல. பன்னெண்டாந் தேதி வந்திருந்தா அன்னைக்கு ராத்திரியே பஸ் ஏறியிருக்கும். அதுதான் கடைசின்னு எனக்கு மட்டும் தெரியுமா?"

"இத ஏம்லே எங்கிட்டச் சொல்லல?"

"நீ எங்கன நின்ன? என்னக் கண்டாலே அடுத்த பஸ்ல ஏறிருவ. அக்கா மௌத்தான அன்னைக்குத் தெருமுனையில நின்னியே, நான் பாத்தேன். வந்துருவேன்னு நெனச்சேன்."

ஜெய்லானி நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்திக்கொண்டார்.

"ஊருக்குக் கெளம்புறப்ப அக்கா கேட்டுச்சு. 'எம்புட்டு நாளு ஆக்கிப் போட்டேன், எல்லாரும் தின்னீக. அதுக்குக் காரணமான பய, அந்தக் கார்டு பாக்குறவன், ஒரு வாய் சாப்பிட வரலியே'ன்னு."

யோகேஸ்வரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நவநீதன் ஜன்னல் பக்கம் திரும்பினார். ராஜபாண்டியன் அழுதார். வயிற்றில் நாலு ஓட்டையும் சுருக்சுருக்கென்று வலித்தன. தலையணை எட்டும் தூரத்தில்தான் கிடந்தது, அவர் அதை எடுக்கவில்லை.