பதினோரு நாள் துறைத்தலைவி

உலோகவியல் துறையில் பத்தொன்பது வருடமாக இருந்த ஒரே பேராசிரியை அவள். ஒரு வெள்ளிக்கிழமை டீன் அவளைக் கூப்பிட்டு, தானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னபோதே அவளுக்குள் பொறி தட்டியது. அதுவரை நிற்க வைத்தே பேசி அனுப்பியவர் அவர்.

"திங்கக்கிழமையிலேர்ந்து நீங்கதாம்மா துறைத்தலைவர். எப்பவோ செஞ்சிருக்க வேண்டியது."

"அப்போ, இப்ப இருக்கற சார்?"

"அவரே மனசார விட்டுக்கொடுத்துட்டார்."

அந்த சாருக்கு மாணவர்கள் வைத்த பெயர் 'உலை'. எந்நேரமும் கொதித்துக்கொண்டிருப்பார். அவர் மனசார ஒரு பேனாவை விட்டுக்கொடுத்துக்கூட அவள் பார்த்ததில்லை.

வீட்டில் நர்ஸ் தங்கை சிரித்தாள். "நல்லது நடந்தா நம்பவே மாட்டியாக்கா? மூஞ்சிய இப்படி வெச்சிருந்தா எங்க ஆஸ்பத்திரியில உனக்கு பெட் போட்டுருவாங்க."

"பொறு. இதுல ஏதோ இருக்கு."

திங்கட்கிழமை உலை கைகூப்பி வாழ்த்தினார். ஆனால் தலைவர் அறை அலமாரியிலிருந்த தம் புத்தகங்களில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. "அவசரமென்ன, அப்புறம் எடுத்துக்கலாம்" என்றார். மூன்று வருடமாகத் தாழ்ப்பாள் இல்லாதிருந்த பெண்கள் கழிப்பறைக்கு ஒரே நாளில் புதுக் கதவு வந்தது. புதன்கிழமை ஒரு புகைப்படக்காரர் அவளையும் நான்கு மாணவிகளையும் ஹெல்மெட் மாட்டி அணைந்திருந்த உலைக்களத்தின் முன் நிறுத்திச் சிரிக்கச் சொன்னார்.

அன்று மதியம் அலுவலக கிளார்க் அக்கா கதவைச் சாத்திவிட்டு ஒரு ஃபைலை நீட்டினாள். "நான் காட்டினேன்னு வெளிய தெரியக்கூடாது மேடம்."

உள்ளே இரண்டு ஆணைகள். ஒன்று அவளை நியமித்தது. மற்றது உலையை மீண்டும் தலைவராக்கியது. அடுத்த வார வெள்ளிக்கிழமை தேதி, டீனின் கையெழுத்து எல்லாம் தயார். பெண்களுக்குச் சம வாய்ப்புத் தரும் பல்கலைக்கழகம் என்று சான்றிதழ் தரும் குழு அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை வருகிறதாம்.

கிழித்தெறியத்தான் கை துடித்தது. ஆனால் ஃபைலை மூடித் திருப்பிக் கொடுத்தாள். இன்னும் எட்டு நாள் அவள்தான் தலைவர்.

ஆய்வகத்தில் மாணவர்கள் இரவு ஒன்பது வரை வேலை செய்யலாம். மாணவிகள் ஆறு மணிக்கே வெளியேறிவிட வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் உலை போட்ட விதி அது. பாதி வேலையில் உலோக மாதிரிகளை விட்டுவிட்டுப் போன பெண்களை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறாள். தான் மட்டும் கையெழுத்துப் போட்டு நீக்கினால் அடுத்த வாரமே அவர் மறுபடி போட்டுவிடுவார். அதனால் துறைக் கூட்டம் கூட்டினாள்.

"எல்லாருக்கும் ஒன்பது மணிங்கறது தீர்மானம்" என்றாள்.

உலை, டீன் அறைப் பக்கம் கண்ணைக் காட்டிச் சிரித்தார். "வர்றவங்களுக்குக் காட்ட நல்லாத்தான் இருக்கும். போட்டுக்கோங்கம்மா." முதல் கையெழுத்தே அவருடையது.

வியாழக்கிழமை டீனை வைத்துக்கொண்டே அந்தத் தீர்மானத்தைக் குழுவின் முன் முழுக்கப் படித்தாள். "இதை உங்க அறிக்கையில சேர்த்துக்கணும். அடுத்த வருஷம் வரும்போது நேரா ஆய்வகத்துக்கே போய்ப் பாருங்க" என்றாள். குழுத்தலைவி குறித்துக்கொண்டார். டீன் தலையாட்டினார். வேறு வழியில்லை.

வெள்ளிக்கிழமை ஆணை வந்தது. அவள் தன் பையை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தாள்.

"வருத்தமில்லையேம்மா?" என்றார் உலை.

"எதுக்கு சார்? தீர்மானத்துல உங்க கையெழுத்துதானே முதல்ல இருக்கு."

அவர் மேசை மேலிருந்த தீர்மானத்தைத் தன் பக்கம் இழுத்து அந்தக் கையெழுத்தைப் பார்த்தார்.

அப்படியும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. திங்கட்கிழமை மாலை ஆறரைக்கு ஆய்வகத்துக்குப் போனாள். மூன்று மாணவிகள் உலோகத் துண்டுகளை மெருகேற்றிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் ஒருத்தி இயந்திரத்தை நிறுத்தினாள்.

"எங்களப் போகச் சொல்ல வந்தீங்களா மேடம்?"

"இல்லம்மா. யாராவது சொன்னாங்களா?"

"இதுவரைக்கும் இல்ல."

ஒரு ஸ்டூலைக் கதவோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீங்க வேலையப் பாருங்க" என்றாள்.