சாக்கு கட்டிய தொட்டி

மலையில் வழுக்கி விழுந்ததிலிருந்து அம்மாவின் வலது கை மடங்கவில்லை. கூடை தூக்க முடியாதவளுக்குத் தோட்டத்தில் பேர், அதாவது கூலிக்கான நாள் பதிவு, கிடையாது. பேர் இல்லாதவளுக்கு லயத்து வரிசைக் குடியிருப்பில் காம்பரா என்னும் ஒற்றை அறையும் கிடையாது. வட்டவளைக்கு மேலே, மூடிக்கிடந்த பழைய தேயிலை ஆலையான ஸ்டோரில் தேயிலைக் கழிவிலிருந்து கபீன் எடுக்கத் தொடங்கியதால்தான் எங்கள் காம்பரா எங்களிடம் இருந்தது. பேர் அம்மாவுடையது. அவளுடைய வலது கைக்குப் பதிலாக நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வந்தேன்.

தலைவலி மாத்திரையில் சேர்க்கும் மருந்து அது. கழிவை வேகவைத்து வடித்த சாறு தொட்டியில் ஆறும்போது ஊசி ஊசியாகப் படிகம் விளையும். அழுக்கு சாற்றிலேயே தங்கிவிடும். ஊசிகளை வடிகட்டிக் குளிர்ந்த தண்ணீரில் அலசினால் வெள்ளை மருந்து.

பொறுப்பாக இருந்த லியனார்ட் ஐயா ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: மெதுவாக ஆறவேண்டும். அதற்காகத் தொட்டியைச் சுற்றிச் சாக்கு கட்டுவோம். முன்பு அனுப்பிய சரக்கு மஞ்சளாக இருக்கிறது என்று கொழும்புக் கம்பனி திருப்பி அனுப்பியிருந்தது. இதுவும் மஞ்சளானால் ஸ்டோரை மூடிவிடுவார்கள். அவர் தொட்டிக்குத் தன் கையாலேயே சாக்கு கட்டிவிட்டு, கம்பனிக்காரரை அழைத்துவர ஹட்டனுக்குப் போனார்.

சாயங்காலம் மேற்பார்வை இக்னேசியஸ் அண்ணன் தொட்டியைத் தொட்டுப் பார்த்தார். முன்பெல்லாம் அவர் ஸ்டோர் மாடியில் கொழுந்து வாடவிட்டவர்.

"இன்னும் கொதிக்குதே! காலையில கம்பனிக்காரன் வந்து நின்னா இந்தக் கசாயத்தையா ஊத்திக் குடுக்கிறது? சிசிலி, சாக்கை அவுரு புள்ள."

"ஐயா கட்டி வச்சிட்டுப் போனாருங்களே அண்ணே," என்றாள் அம்மா.

"ஐயா படிச்சது கொழும்புல. இந்தக் காத்தைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்? சன்னலைத் தெறந்துவிட்டா எவ்வளவு கொழுந்தையும் வாட்டிப்புடும். இந்தத் தொட்டி எம்மாத்திரம்?"

"காத்துக்கும் பேர் போட்டுருவீங்க போல," என்று சிரித்தபடி அம்மா இடது கையால் முடிச்சை அவிழ்த்தாள். நான் சாக்குகளை மடித்தேன். சன்னல்களையெல்லாம் அண்ணன் திறந்துவிட்டார்.

காலையில் தொட்டி நிறையப் பஞ்சுபோல மெல்லிய ஊசிகள்.

"பாத்தியா, மல்லியப்பூ!" என்றார் அண்ணன். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

லியனார்ட் ஐயா முதலில் வந்தார். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தார். விரலிடுக்கில் தேயிலைச் சாயம் வழிந்தது.

"சன்னலைத் தெறந்தது யாரு?"

"நான்தாங்க. நேரத்துக்கு ஆகணும்னுதாங்க…"

அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "சட்டுனு குளிர்ந்தா ஊசி மயிர் மாதிரி ஆயிரும் இக்னேசியஸ். சிக்குப் பிடிச்ச தலையில எண்ணெய் நிக்கிற மாதிரி இதுக்குள்ள அழுக்குச் சாறு நிக்கும். தடிச்ச ஊசியா இருந்தா ஒரு தண்ணியில ஓடிரும்."

அலசினோம். ஊற்றிய தண்ணீர் கீழே இறங்காமல் மேலேயே நின்றது. இன்னும் ஊற்றினோம். மருந்து கரைந்து குறைந்ததே தவிர நிறம் போகவில்லை.

"மறுபடி காய்ச்சி ஆறவச்சா ஆகாதுங்களா ஐயா?" என்றாள் அம்மா.

"ஆகும். ஆனா கம்பனிக்காரர் கீழே வந்துட்டாரு."

கம்பனிக்காரர் கொஞ்சத்தை எடுத்துத் தன் வெள்ளைக் கைக்குட்டையில் தேய்த்தார். மஞ்சள் பட்டது. "பே மாத்தயா," என்றார். முடியாது என்பதற்கான அந்தச் சிங்களச் சொல் லயத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

ஸ்டோரை மூடினார்கள். அடுத்த வாரம் தோட்டத்து அதிகாரி கண்டாக்கு ஐயா வாசலில் நின்று, "சிசிலி, மாசம் முடியறதுக்குள்ள காம்பராவ விட்டுரணும்," என்றார். "எங்கங்க போறது?" என்று அம்மா கேட்டாள். அது அவருடைய வேலை இல்லை. போய்விட்டார்.

ஸ்டோரில் விட்டுவந்த எங்கள் அண்டாவை எடுக்கப் போனோம். வடிந்த சாற்றை யாரும் கொட்டவில்லை. அண்ணன் கடைசி நாளில் அதை மறுபடி சூடாக்கிச் சாக்கு கட்டிவிட்டுப் போயிருந்தார். யாருக்காக என்று தெரியவில்லை. தொட்டியின் மூடியைத் தூக்கினேன். அடியில் விரல் நீள ஊசிகள் கண்ணாடிபோல் கிடந்தன. ஒன்றை எடுத்து நனைத்தேன். பழுப்பு உடனே ஓடிவிட்டது.

அம்மா பார்த்தாள். "இப்ப வந்து என்னத்துக்கு," என்றாள்.

அந்த ஊசியை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்போரம் வைத்தேன். ஈரம் போகப்போகக் கண்ணாடி வெளுத்துச் சுண்ணாம்பாயிற்று. சாமான் கட்டும்போது அம்மாவின் கை பட்டது. பொடியாக உதிர்ந்தது. அவள் அதைச் சாம்பலோடு சேர்த்துக் கூட்டினாள்.