அமைச்சர் வீட்டுக் குழாய்

சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாய் பீய்ச்சி அடித்தது. கட்டைவிரலால் அதை அடைத்தபடி தொழிலாளர் துறை அமைச்சர் மண்டியிட்டிருந்தார்.

ஒரு காலத்தில் ரெஞ்சும் கையுமாக ஊர்க் குழாய்களையெல்லாம் வழிக்குக் கொண்டுவந்த பிளம்பர்தான். அப்புறம் சங்கச் செயலாளராகி, மேடை மேடையாகத் தொண்டை கிழியக் கத்தி, ஒருவழியாக அமைச்சராகிவிட்டார். வந்த கையோடு ஒரு சட்டமும் போட்டார்: சங்க அட்டை இல்லாதவர் குழாயை ரிப்பேர் செய்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். சட்டத்தில் ஒரு குறையும் இல்லை. பதவியேற்ற அன்று தன் அட்டையைக் கண்ணீர் மல்கத் திருப்பிக் கொடுத்துத் தொலைத்தாரே, அங்கேதான் வந்தது வினை.

அட்டை வைத்திருப்பவர்களோ பத்து நாளாக வேலைநிறுத்தம். போதாக்குறைக்கு, உழைத்து உயர்ந்தவரைப் பேட்டி காண ஒரு நிருபர் கேமராவோடு முன்னறையில் காத்திருந்தார். அவர் வீட்டில் இருக்கும்போது ரெஞ்சை எடுத்தால் பதவி போய்விடும். எடுக்காவிட்டால் வீடு முழுகிவிடும்.

"மெயின் வால்வை மூடேன்டி!" என்று மனைவியிடம் கிசுகிசுத்தார்.

"அதோட கைப்பிடியைக் காணோங்க." அந்தம்மா கால் நனையாமல் முக்காலி மேல் உட்கார்ந்திருந்தாள். "என் தம்பியைக் கூப்பிடட்டுமா?"

அவள் தம்பிதான் இப்போதைய சங்கச் செயலாளர். வாசலில் கொடியோடு உட்கார்ந்திருந்தவன் கொல்லைப்புறமாக வந்தான், கையில் ஒரு காகிதத்தோடு.

"மாமா, ஒரே ஒரு கையெழுத்து."

கோரிக்கையும் ஒன்றே ஒன்றுதான். ஊருக்கெல்லாம் கழிப்பறை அமைத்துத் தருகிறவர்களுக்கு வேலை செய்யும் இடத்தில் ஒரு கழிப்பறை வேண்டும்.

"பரிசீலனையில இருக்குப்பா."

"யார் எழுதுனதுன்னு பாருங்க மாமா."

கோணல்மாணலான எழுத்து, அவருடையதேதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு புதுக் கட்டடத்தின் ஏழாவது மாடியில், இருபத்தோரு கழிப்பறைகளைப் பொருத்திவிட்டு ஒன்றிலும் உட்கார அனுமதியில்லாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுதியது. அமைச்சருக்குச் சுருக்கென்றது. விரலை எடுத்தார். மூஞ்சியில் தண்ணீர் அடிக்க அடிக்கக் கையெழுத்துப் போட்டார்.

மச்சான் இரண்டே நிமிஷத்தில் நட்டை முறுக்கிவிட்டு, காகிதத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

தரையைத் துடைக்கக் குனிந்தபோதுதான் தொட்டிக்கு அடியில் ஏதோ மினுங்கியது. அவருடைய பழைய ரெஞ்சு! வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக முன்னறைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தது இங்கே எப்படி வந்தது?

"நட்டைக் கழட்டுனது நீயா?"

அவள் மாவு டப்பாவைத் திறந்து, வால்வின் கைப்பிடியை எடுத்து, தட்டி, மேசைமேல் வைத்தாள்.

"அட்டை இல்லாம குழாயில கை வெச்சிருக்கியே, சட்டம் தெரியுமில்ல?"

"ரிப்பேர் பண்ணக் கூடாதுன்னுதானே போட்டிருக்கீங்க? கழட்டக் கூடாதுன்னு எங்கயும் இல்லையே. ரெண்டு தடவை படிச்சுப் பாத்துட்டுதான் கழட்டுனேன்."