மாஸ்டரின் மூக்கு

"டாக்டரம்மா, ஒண்ணு தெளிவாப் புரிஞ்சுக்குங்க. மிஷின் தப்பு சொல்லும், ரத்தப் பரிசோதனை தப்பு சொல்லும், என் மூக்கு மட்டும் தப்பு சொல்லாது."

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் இதைச் சொன்னபோது அவர் மனைவி இறந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் அவள் படுத்திருந்தாள். இந்தப் பக்கம் அவர், விபத்து நடந்த இடத்தில் தன்மீது தப்பில்லை என்று வாதாடுகிறவர்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

டாக்டரம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி: உங்கள் மனைவி எத்தனை வருஷமாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள்?

"குடிச்சுட்டு கிளாஸுக்கு வர்றவனை ஊதச் சொல்லி, மோந்து பாத்துட்டுத்தான் சாவியவே குடுப்பேன். அப்படிப்பட்டவன் வீட்ல பொண்டாட்டி குடிச்சா தெரியாமப் போயிடுமா? வேற யாரோட ரிப்போர்ட்டையோ பாத்துட்டுப் பேசறீங்க."

"கல்லீரல் மொத்தமாப் போயிருந்தது சார்," என்றார் டாக்டரம்மா. குரலில் கோபம் இல்லை. அதுதான் மாஸ்டரைப் பயமுறுத்தியது. "ஊரடங்கு முடிஞ்சதுக்கப்புறம் இப்படி நிறையப் பேர் வர்றாங்க. பொம்பளைங்களும்தான். வீட்ல யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"என் வீட்ல தெரிஞ்சிருக்கும்," என்றார் மாஸ்டர்.

மகள் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, வாங்க. அம்மாவுக்கு மாத்துத் துணி கேக்கறாங்க. போய் எடுத்துட்டு வந்துடலாம்."

அவள்தான் வண்டியை ஓட்டினாள். பயிற்சி வண்டி. மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் கால் அதை அழுத்தியது, வண்டி குலுங்கியது.

"அப்பா, கால எடுங்க."

"நான் அழுத்தல."

"அப்ப பேயா அழுத்துது? எடுங்கப்பா."

எடுத்தார். அடுத்த திருப்பத்தில் மறுபடி அழுத்தினார்.

அந்தப் புகழ்பெற்ற மூக்கைப் பற்றி ஓர் உண்மை உண்டு. அது செத்து நாலு வருஷம் ஆகிறது. பெருந்தொற்றில் வந்த காய்ச்சல் மூன்றே நாளில் போய்விட்டது. போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போனது. மாஸ்டர் இதை யாரிடமும் சொல்லவில்லை. சமையல்காரர் நாக்கு போனதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டா திரிவார்? அதே காய்ச்சலில் வாசனை போன மச்சான், பாவம், தினமும் எலுமிச்சம்பழத்தையும் காப்பித்தூளையும் முகர்ந்து முகர்ந்து பயிற்சி எடுத்தபோது, "என்ன மச்சான், போலீஸ்ல நாய் வேலைக்கு ஆள் எடுக்கறாங்களா?" என்று கேட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். மனைவி மட்டும் சிரிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கூலை மறுபடி திறந்தபோது அவளே வந்து வரவேற்பு மேஜையில் உட்கார்ந்தாள். வந்தவன் ஊதுவான், மாஸ்டர் கண்ணை மூடி ஆழமாக இழுப்பார், மேஜைப் பக்கம் பேனா இரண்டு தரம் தட்டும். "சாவி கிடையாது, வீட்டுக்குப் போ," என்பார். தட்டாவிட்டால் சாவி. அவள் எதற்குத் தட்டுகிறாள் என்று அவர் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. ஒருமுறைகூடத் தப்பியதில்லை. எப்படி இவ்வளவு நுட்பமாகக் கண்டுபிடிக்கிறாள் என்று அவர் வியந்ததுண்டு. வியந்ததோடு சரி.

வீட்டுக்கு வந்ததும் மகள் நேராக அடுப்படிக்குப் போனாள். மூலையில் சானிடைசர் கேன் இருந்தது. ஊரடங்குக் காலத்தில் வாங்கியது. முகக்கவசம் போயிற்று, வாசலில் போட்ட வட்டங்கள் அழிந்தன, பக்கத்து வீட்டுக்காரர்கள் பழையபடி சண்டை போட ஆரம்பித்தார்கள். கேன் மட்டும் தீராமல் நின்றது. ஆஸ்பத்திரியைத் தொட்ட கை என்று மகள் அதன் தலையை ஓர் அழுத்து அழுத்தினாள்.

பழுப்பாக வந்தது.

கொஞ்ச நேரம் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தருகே கொண்டுபோனாள். சட்டென்று விலக்கினாள். பிறகு அப்படியே அப்பாவிடம் வந்து கையை நீட்டினாள்.

"மோந்து பாருங்கப்பா."

மாஸ்டர் குனிந்தார். கண்ணை மூடினார். நெஞ்சு விம்ம இழுத்தார். ஒன்றுமில்லை. குழாயைத் திறந்தால் காற்றுகூட வராததுபோல ஒன்றுமில்லை. கண்ணைத் திறந்தார். நிறம் தெரிந்தது. விரலிடுக்கில் வழிந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

ஊரடங்கில் தன் அக்கா செத்ததை போன் திரையில் பார்த்த பிறகு பல வாரம் மனைவி தூங்கவே இல்லை. திடீரென்று ஒருநாள் நன்றாகத் தூங்க ஆரம்பித்தாள். மொட்டைமாடியில் தினமும் தன்னோடு நடக்கவைத்ததன் பலன் என்று மாஸ்டர் பத்துப் பேருக்காவது போன் போட்டுச் சொன்னார். அதற்கப்புறம் அவள் டம்ளரோடு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து டிவி பார்த்தாள். டம்ளரை ஒளிக்கவே இல்லை. ஒளிக்கவேண்டிய அவசியமும் இல்லை.

"என்னப்பா இது? சொல்லுங்க."

சொல்வதற்கு இரண்டே பதில்கள்தான் இருந்தன. தெரியாது என்றால் மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம். நாலு வருஷம் ஊரை ஏமாற்றியது, கண்ணை மூடிக்கொண்டு சாவி கொடுத்தது, எல்லாம் வெளியே வரும். தெரியும் என்றால்...

"தெரியும்," என்றது வாய்.

மகளின் கை நீட்டியபடியே நின்றது. "தெரியுமா?"

மாஸ்டர் தரையில் விழுந்த சொட்டைச் செருப்பில்லாத காலால் தேய்த்தார்.

"தெரிஞ்சுதான் சும்மா இருந்தீங்களா? ஊர்ல இருக்கிறவனையெல்லாம் ஊது ஊதுன்னீங்களே. ஒரு போன்... எனக்கு ஒரே ஒரு போன் பண்ணியிருந்தா ஓடி வந்திருப்பேனேப்பா."

இல்லம்மா, என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தார். வரவில்லை. நாலு வருஷம் பழகிய பொய்க்கு வாய் சரியாகப் பொருந்தியிருந்தது.

மகள் கையைத் தன் துணியிலேயே துடைத்தாள். அழவில்லை. முன்பின் தெரியாத ஆளிடம் வழி கேட்கும் குரலில், "அம்மா துணிய எடுத்துட்டு வாங்க. நேரமாவுது," என்றாள். கேனைத் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள்.

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். பீரோவைத் திறந்து, மடித்த துணி ஒன்றை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். அதற்குமேல் வேலை இல்லை.

கதவுக்குப் பின்னால் ஆணியில், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது மனைவி அவசரமாகக் கழற்றிப்போட்ட நைட்டி தொங்கியது. மாஸ்டர் அதைக் கழற்றினார். வெளியே தொட்டியில் கேன் கவிழும் சத்தம் குடுகுடுவென்று கேட்டது. கழுத்துப் பக்கத்தில் முகத்தைப் புதைத்து இழுத்தார். கைப் பக்கத்தில் இழுத்தார். சோப்போ, வியர்வையோ, பிராந்தியோ, ஏதாவது ஒன்று.

துணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினார். மறுபடி, முதலிலிருந்து, முகர ஆரம்பித்தார்.