தீவில் விடவேண்டியவள்

ஆட்டத்தில் கப்பல் சாப்பாடான பிஸ்கட் அட்டைகள் தீர்ந்துவிட்டன. வெர்னா தன் காய்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு, "சரி, யாரைத் தீவுல விடலாம்?" என்றாள். கேட்கும்போதே அவள் கண் மூத்த மருமகள் ரமோனாவின் மேல்தான் இருந்தது.

கப்பல், புதையல், கலகம் என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்த பழைய கடற்கதை ஒன்றை வைத்துச் செய்த ஆட்டம் அது. கிறிஸ்துமஸ் மதியம் ஹாம் இறைச்சியும் கிழங்கு மசியலும் தின்று முடித்ததும் அந்த வீட்டில் அதை விரித்தாக வேண்டும். கப்பலில் சாப்பாடு தீர்ந்தால் ஓட்டுப் போட்டு ஒருவரைத் தீவில் இறக்கிவிடுவது பெட்டியோடு வந்த விதி. இறக்கிவிடப்பட்டவர் ஆட்டம் முடிகிறவரை பின்பக்கக் கண்ணாடித் தாழ்வாரத்தில் போய் உட்கார வேண்டும் என்பது வெர்னாவின் குடும்பம் தானாகச் சேர்த்துக்கொண்டது. பனி உறையும் டுலூத் ஊரின் டிசம்பரில், ஹீட்டர் இல்லாத தாழ்வாரம்! கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து அந்த இடம் ரமோனாவுக்குத்தான். விளையாட்டுதானே என்பார்கள். விளையாட்டுதான், யார் இல்லையென்றார்கள்? ஒரு தடவையாவது வேறு யாரையாவது அனுப்பித் தொலைத்தால் என்ன?

இந்த வருஷம் அவளுக்கு ஒரு நப்பாசை இருந்தது. கொழுந்தன் டேல், தான் கட்டிக்கொள்ளப்போகிற ப்ரென்னாவை முதல்முறையாகக் கூட்டி வந்திருந்தான். புதிதாக வந்தவளைத்தானே அனுப்புவார்கள்?

"ரமோனா" என்றாள் வெர்னா.

"அண்ணிதான். வேற யாரு?" என்றான் டேல்.

கர்ட்டிஸ் தன் மனைவி ரமோனாவைப் பார்த்துக் கண்ணடித்தான். "உனக்குத்தான் பழகிப்போச்சே. கோட்டை மாட்டிக்கோ."

கட்டிய புருஷன் அப்படிக் கண்ணடித்ததுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா வேணாமே, பாவம்" என்று ப்ரென்னா மட்டும் சொன்னாள். யாரும் காதில் வாங்கவில்லை.

போகிறவர் ஒரு தடவை தன் தரப்பைப் பேசலாம், கேட்டுவிட்டு மற்றவர்கள் ஓட்டை மாற்றலாம். ரமோனா இதுவரை பேசியதே இல்லை. காலையில் உருளைக்கிழங்கு சீவும்போது ப்ரென்னா அவள் காதோடு சொன்னது நினைவுக்கு வந்தது: "டேலுக்கு மட்டும்தான் தெரியும்க்கா. போன தடவை எங்க வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லி, அப்புறம் கலைஞ்சுபோச்சு. மூணு மாசம் தாண்டட்டும். உங்ககிட்ட மட்டும் சொல்லணும்னு தோணிச்சு." அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்துகொடுத்திருந்தாள் ரமோனா. குழந்தை பிறக்காத தன்னிடம் போய் இதைச் சொல்லியிருக்கிறாளே என்று அப்போது நெஞ்சு நிறைந்துதான் போயிருந்தது.

"தாராளமா போறேன்" என்றாள். "ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல? நான் ஒரு வயித்துக்குத்தான் திங்கிறேன். ப்ரென்னா ரெண்டு வயித்துக்குத் திங்கிறா. கப்பல் தாங்குமா?"

சிரிப்பார்கள் என்று நினைத்தாள். டேல் உருட்டப்போன தாயக்கட்டையைக் கையிலேயே இறுக்கிக்கொண்டான். ப்ரென்னாவின் முகம் வெளிறிப்போய்விட்டது.

வெர்னா நாற்காலி பின்னால் சாய்ந்து விழ எழுந்தாள். "அடி என் தங்கமே!" என்று ப்ரென்னாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். "இந்த வீட்டுல இந்த வார்த்தையைக் கேக்காமலே செத்துப்போயிருவேன்னு இருந்தேனே!"

அவள் தோளுக்கு மேலாக ப்ரென்னா ரமோனாவைப் பார்த்தாள். "சத்தியம் பண்ணீங்களே அக்கா."

வெர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் கம்பளிச் சால்வையை எடுத்து ப்ரென்னாவுக்குப் போர்த்திவிட்டாள். அப்புறம்தான் மேஜைமேல் ஆட்டம் பாதியில் நிற்பது அவளுக்குத் தெரிந்தது.

"இவளைப் போய் அந்தக் குளிர்ல உக்கார வைக்க முடியுமா? கிளம்பு ரமோனா. கதவை நல்லா சாத்திட்டுப் போ, புள்ளைத்தாச்சிக்குக் காத்துப் படும்."

ரமோனா கர்ட்டிஸைப் பார்த்தாள். அவன் ஆட்டப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தாழ்வாரத்தில் மூச்சு புகையாக வந்தது. கோட்டை எடுக்க மறந்திருந்தாள். கண்ணாடியின் அந்தப் பக்கம், இவ்வளவு நேரம் ரமோனா உட்கார்ந்திருந்த நாற்காலியை ப்ரென்னாவின் முன்னால் இழுத்துப் போட்டு, அவள் காலை நீட்டிக்கொள்ள அதன்மேல் ஒரு தலையணையை வைத்துக்கொண்டிருந்தான் கர்ட்டிஸ்.