முப்பது டிகிரி வைத்தியம்

வண்ணமீன் கடைக்காரருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். மீன் உடம்பில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் தொட்டித் தண்ணீரை முப்பது டிகிரிக்குச் சூடேற்றிவிடுவார். கிருமி சாகும், மீன் பிழைக்கும். பிழைக்காத மீன்களைப் பற்றி அவர் வாயைத் திறந்ததே இல்லை.

தொட்டி கழுவும்போது கண்ணாடி கிழித்து அவர் மனைவியின் உள்ளங்கை வீங்கிப்போனது. மறுநாள் காய்ச்சல் அனலாய் அடித்தது. அவள் மாத்திரையைப் பிரிக்கப் போனாள். அதை வாங்கி அலமாரிக்கு மேல் வைத்துவிட்டார்.

"காய்ச்சலைக் குறைச்சா கிருமிக்குத்தான் கொண்டாட்டம். உடம்பு தானா சூடேத்துது. நாம ஒத்தாசையா இருந்தாப் போதும்."

ஜன்னலைச் சாத்தினார். இரண்டு கம்பளியைப் போர்த்தி, காலடியில் வெந்நீர்ப் பையை வைத்தார். அன்பில்தான் செய்தார், பாவி மனுஷன்.

"மூச்சு முட்டுதுங்க" என்றாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கம்மா."

சாயங்காலம் அவள் தம்பி ஆட்டோவோடு வந்து நின்றான். அக்காவின் முழங்கைவரை சிவப்புக் கோடு ஏறியிருந்ததைப் பார்த்தான்.

"மாமா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"பாதியில நிறுத்தினா மொத்தமும் கெட்டுப்போகும் மாப்பிள்ளை. நாளைக்கு வந்து பாரு, எழுந்து உட்கார்ந்திருப்பா."

மாமா பிடித்த பிடியை விடமாட்டார் என்பது ஊரறிந்த விஷயம். மச்சினன் தலையைச் சொறிந்தபடி கிளம்பிப் போனான்.

விடிந்ததும் கடைக்காரர் மனைவியின் நெற்றியைத் தொட்டார். சில்லென்றிருந்தது. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டு மச்சினனுக்குப் போன் போட்டார்.

"காய்ச்சல் இறங்கிடுச்சு. நான் சொன்னப்ப நம்பினியா நீ? இப்ப அசந்து தூங்குறா." வாய்விட்டுச் சிரித்தார்.

மச்சினன் வந்து அக்காவின் பாதத்தைத் தொட்டான். உதடு நீலம் பாரித்திருந்தது. எழுப்பினான், கண் திறக்கவில்லை. அப்படியே அள்ளித் தூக்கிக்கொண்டு ஓடினான். கடைக்காரர் செருப்புகூடப் போடாமல் பின்னால் ஓடினார்.

மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"காய்ச்சல் விட்டுடுச்சே டாக்டர்" என்றார் கடைக்காரர், இன்னும் ஏதோ பாக்கி இருப்பதுபோல.

"விடலைங்க. ரத்தத்துல கிருமி பரவி, உடம்பு சூட்டைத் தாங்கிப் பிடிக்க முடியாமக் கைவிட்டுடுச்சு. அதான் சில்லுன்னு ஆயிருக்கு."

அவருக்கு விளங்கவில்லை. மச்சினன் முகத்தைப் பார்த்தார்.

"நீங்க எனக்குப் போன் பண்ணிச் சிரிச்சீங்களே மாமா, அப்ப அக்கா செத்துக்கிட்டு இருந்தா" என்றான் அவன்.